படகுக்கு ஒரு பங்கு

கணக்கு வராததால் அரசுத் தேர்வில் தோற்றவர்கள் எல்லா ஊரிலும் இருப்பார்கள். கணக்கு நன்றாக வந்ததால் தோற்றவள் எங்கள் கோட்டைக்குப்பத்தில் நான் ஒருத்திதான். இதைப் பெருமையாகச் சொல்லவில்லை. நான் சொல்லாமல் விட்டால் எங்கள் வீட்டில் வேறு யாராவது சொல்லிவிடுவார்கள், அதுவும் மசாலா தூவி. அதற்கு நானே சொல்லிவிடுவது மேல்.

நான் பொன்னேரியில் பி.எஸ்ஸி. கணிதம் படித்தவள். பழவேற்காடு ஏரிக்கரையில் ஒரு குப்பத்துப் பெண் கணிதப் பட்டதாரி என்றால் சும்மாவா? (சும்மாதான். அப்போது எனக்கு அது தெரியாது.) தெருவில் யார் வீட்டுப் பிள்ளைக்கு வகுத்தல் வராவிட்டாலும் என்னைக் கூப்பிடுவார்கள். நானும் ஆபரேஷன் செய்யப் போகும் டாக்டர் போல் முகத்தை வைத்துக்கொண்டு போவேன். என் நைனா கரையில் வலை பிரித்துக்கொண்டே ஊருக்கெல்லாம் சொல்வார்: "எங்க கோமதி பேனாவ எடுத்தான்னு வெச்சிக்கோ, கணக்கே எழுந்து நிக்கும்."

குரூப் ஃபோர் தேர்வுக்கு நான் விண்ணப்பித்ததும், பாஸ் பண்ணிய பிறகு நான் எங்கே உட்கார வேண்டும் என்பதை நைனா முடிவு செய்துவிட்டார். பொன்னேரியில் ஓர் அரசு அலுவலகம். அதில் ஒரு ஜன்னல். மீன்பிடித் தடைக்கால நிவாரணம், புயல் நிவாரணம் என்று எதற்குப் போனாலும் அந்த ஜன்னலுக்கு வெளியேதான் நைனா மணிக்கணக்காக நின்றிருக்கிறார்.

"அந்த ஜன்னலாண்ட நீ குந்திக்கினு இருக்கணும்மா. எங்கள மாதிரி எவனாச்சும் வந்து நின்னா, 'வா மாமா, இப்டி குந்து'னு ஒரு வார்த்த சொல்லணும். வேற ஒண்ணும் வேணா எனுக்கு."

சம்பளத்தைப் பற்றி அவர் ஒரு நாளும் கேட்கவில்லை. அந்த ஒரு வார்த்தைதான் அவருக்கு வேண்டியிருந்தது.

என்னோடு சேர்ந்து படித்தவள் ஷமீம். பழவேற்காடு பஜார் பக்கத்துப் பெண். கல்லூரியில் அவள் வரலாறு, நான் கணிதம். ஒரே பஸ்ஸில் போய் ஒரே பஸ்ஸில் வந்து சிநேகிதிகள் ஆனோம். அவளுக்கு எந்த மன்னன் எந்த வருடம் யாரோடு சண்டை போட்டான் என்பதெல்லாம் தலைகீழ்ப் பாடம். பின்னம், விகிதம் என்றால் மட்டும் நோட்டை மூடி வைத்துவிடுவாள்.

"நாலுல ஒரு பங்குல மூணுல ரெண்டு பங்காம். யாருடி மிட்டாய இப்டிலாம் துண்டு போடுவாங்க?" என்று பஸ்ஸிலேயே கண் கலங்குவாள்.

அவளுக்காக நான் ஒரு முறையைக் கண்டுபிடித்தேன். (கண்டுபிடித்தேன் என்றுதான் அப்போது சொல்லிக்கொண்டு திரிந்தேன்.) கேள்வியில் எது வந்தாலும் அதை மீனாக மாற்றிக்கொள்ள வேண்டும். அவ்வளவுதான்.

"மிட்டாய்னு நெனைக்காத. ஒரு கூடை இறாலுனு நெனச்சிக்கோ. அதுல நாலுல ஒரு பங்கு எங்க நைனாக்கு. அந்தப் பங்குல மூணுல ரெண்ட வித்துட்டாரு, மிச்சம் கறிக்கு. அப்போ, மொத்தக் கூடைல வித்தது எவ்ளோ?"

ஷமீம் ஏரிப் பக்கம் பார்த்தாள். உதடு அசைந்தது. "ஆறுல... ஒண்ணு?"

பஸ்ஸில் நான் போட்ட கூச்சலில் கண்டக்டர் திரும்பிப் பார்த்தார். அன்று முதல் எங்கள் கையில் வந்த எல்லாக் கேள்வியும் மீனாயிற்று. நிலத்தின் பரப்பு நண்டாயிற்று. பால், தண்ணீர்க் கலவை மடவையும் கெளுத்தியுமாயிற்று. ஷமீமுக்குக் கணக்கு வந்துவிட்டது. எனக்கோ ஏற்கெனவே வந்திருந்த கணக்கோடு தலைக்கனமும் வந்து சேர்ந்தது.

இந்த முறையில் ஒரே ஓர் ஓட்டை இருந்தது. எல்லாவற்றையும் மீனாக மாற்றச் சொன்னேனே தவிர, கேள்வியிலேயே மீன் வந்து நின்றால் என்ன செய்வது என்று நான் யோசிக்கவில்லை.

தேர்வு நடந்தது சென்னையில் ஒரு பள்ளிக்கூடத்தில். கணக்குப் பகுதியில் தனி வட்டி, கூட்டு வட்டி, பின்னம் எல்லாவற்றையும் ஊதித் தள்ளிக்கொண்டே வந்தேன். கடைசிக்குச் சற்று முன்னால் இந்தக் கேள்வி:

ஒரே படகில் சென்ற மூன்று மீனவர்கள் தாங்கள் பிடித்த 90 கிலோ மீனை 2:3:4 என்ற விகிதத்தில் பிரித்துக்கொண்டனர் எனில், மூன்றாமவருக்குக் கிடைத்தது எவ்வளவு?

கேள்வித்தாளுக்குள் சொந்தக்காரர்கள் வந்து உட்கார்ந்திருப்பது போல எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். இரண்டும் மூன்றும் நான்கும் ஒன்பது. ஒரு பங்கு பத்துக் கிலோ. மூன்றாமவருக்கு நாற்பது. எட்டாவது படிக்கும் பிள்ளை போட்டுவிடும். பேனாவும் நாற்பதுக்கு நேராக இருந்த வட்டத்தின் மேல் போய் நின்றுவிட்டது.

அங்கேதான் எனக்குள் இருந்த கோட்டைக்குப்பத்துக்காரி எழுந்து, "அப்போ படகுக்கு?" என்று கேட்டாள்.

எங்கள் ஊரில் பங்கு பிரிக்க ஓர் ஒழுங்கு உண்டு. ஒரே படகில் போனவர்கள் கரைக்கு வந்தால் முதலில் படகுக்கு ஒரு பங்கை எடுத்து வைப்பார்கள். அப்புறம்தான் ஆளுக்கு. சொந்த வலை கொண்டுவந்தவனுக்கு வலைக்கும் சேர்த்துக் கூடுதலாக. படகுக்கு வாயும் இல்லை, வயிறும் இல்லை. ஆனால் டீசல் வேண்டும், பெயின்ட் வேண்டும், அடியில் விரிசல் விட்டால் ஃபைபர் ஒட்ட வேண்டும். படகுக்கு எடுக்காமல் மீனைப் பிரித்துக்கொண்டு வீட்டுக்குப் போன மனிதர்களை நான் பிறந்ததிலிருந்து பார்த்ததில்லை. மிட்டாய் படகில் வராது, அதனால் பஸ்ஸில் அந்தச் சிக்கல் எழவில்லை. இங்கே படகு கேள்வியிலேயே இருக்கிறது!

என் மூளை வேலை செய்யத் தொடங்கியது. (இந்த வாக்கியத்தை இப்போது எழுதும்போது கை கூசுகிறது.) கேள்வி எழுதியவர் 'ஒரே படகில் சென்ற' என்று ஏன் எழுத வேண்டும்? படகு தேவையில்லை என்றால் 'மூன்று மீனவர்கள்' என்று மட்டும் எழுதியிருக்கலாமே. இரண்டு பங்குக்காரன் ஏன் இரண்டு பங்குக்காரன்? வலை குறைவாகக் கொண்டு வந்திருப்பான், பாவம். நான்கு பங்குக்காரன் வசதியானவன். இவ்வளவு ஒழுங்காக வலைக்குப் பங்கு போட்டவர்கள் படகை மறப்பார்களா? இரண்டு, மூன்று, நான்கு, அதோடு படகுக்கு ஒன்று. மொத்தம் பத்து. ஒரு பங்கு ஒன்பது கிலோ. மூன்றாமவருக்கு முப்பத்தாறு.

கீழே விடைகளைப் பார்த்தேன். 30, 36, 40, 45. முப்பத்தாறு இருக்கிறது!

அதைப் பார்த்ததும் எனக்குப் புல்லரித்துவிட்டது. நாற்பது என்பது கரையைப் பார்க்காதவர்களுக்காக வைத்த பொறி. முப்பத்தாறு என்பது எனக்காக வைத்தது. கேள்வி எழுதியவர் நிச்சயம் எங்கள் பக்கத்து ஆள்தான் என்று அவர் மேல் பாசம்கூடப் பொங்கியது. 36-க்கு நேரான வட்டத்தை, தாள் கிழியாத குறையாக, அழுத்தி நிரப்பினேன்.

அத்தோடு வாயை மூடிக்கொண்டு வீட்டுக்கு வந்திருந்தால் இது வெறும் தப்பான விடையாகப் போயிருக்கும். கும்மிடிப்பூண்டி ரயிலில் ஏறியதும் ஷமீம் கேட்டாள்: "அந்த மீன் கணக்குக்கு நாப்பதுதானேடி?"

"நாப்பதா?" என்றேன். நான் அதைச் சொன்ன விதத்தில், எதிரில் கைக்குழந்தையோடு இருந்த ஓர் அம்மாவே பதறிப்போனார்.

அந்தப் பெட்டியில் பாதிப் பேர் தேர்வு எழுதிவிட்டு வந்தவர்கள். எல்லோரும் கேள்வித்தாளை நீட்டினார்கள். நான் எழுந்து நின்றுகொண்டேன். ஒரு கையில் மேலே கம்பி, ஒரு கையில் கேள்வித்தாள். படகுப் பங்கு என்றால் என்ன, வலைப் பங்கு என்றால் என்ன, மூன்றாமவன் ஏன் நான்கு பங்குக்காரன், எல்லாவற்றையும் விளக்கினேன்.

கண்ணாடி போட்ட ஒரு பையன் மட்டும், "சிஸ்டர், கேள்வில படகுக்குப் பங்குன்னு ஒண்ணுமே இல்லியே?" என்றான்.

"கேள்வில டீசலும்தான் இல்ல. டீசல் இல்லாம மூணு பேரும் நீந்திப் போயா புடிச்சாங்க?"

பெட்டியே சிரித்தது. மீஞ்சூர் வருவதற்குள் அத்தனை பேரும் முப்பத்தாறு என்று ஒப்புக்கொண்டுவிட்டார்கள். நாற்பது போட்டிருந்த ஒரு பெண் துப்பட்டாவால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். இன்னொருத்தி அடுத்த ஸ்டேஷனில் இறங்கும்போது எனக்குக் கைகொடுத்துவிட்டுப் போனாள். ஷமீம் பொன்னேரியில் இறங்கி பஸ் ஏறி, பழவேற்காடு வரும் வரைக்கும் ஜன்னல் பக்கமே திரும்பி இருந்தாள். நான் அவளைத் தேற்றினேன். "ஒரு கேள்விதான போச்சு, வுடு. அடுத்த தபா பாத்துக்கலாம்" என்று பெரிய மனுஷியாகச் சொன்னேன். அந்தப் பெரிய மனுஷியை இன்று நேரில் பார்த்தால் ஓங்கி ஒன்று விடுவேன்.

வீட்டுக்கு வந்ததும் கதையை நைனாவிடம் சொன்னேன். நைனா அதை அப்படியே கரைக்கு எடுத்துக்கொண்டு போய்விட்டார். கோட்டைக்குப்பத்தில் எதற்கும் எல்லோரும் ஒரே பேச்சு பேசி நான் பார்த்ததில்லை. அன்றைக்கு ஊரே ஒரே பேச்சு. நைனாவோடு படகில் போகும் ஏழுமலை மாமா கையில் இருந்த வலையைக் கீழே போட்டுவிட்டு வந்து என்னிடமே சொன்னார்: "படகுக்கு எடுக்காம எவன் பிரிப்பான்? நீ போட்டதுதாம்மா சரி. நாப்பதுனு சொல்றவன் கடலையே பாத்திருக்க மாட்டான்."

கொஞ்ச நாளில் விடைக்குறிப்பு வந்தது. நாற்பது.

விடையில் ஆட்சேபணை இருந்தால் தக்க ஆதாரத்தோடு இணையத்தில் தெரிவிக்கலாம் என்று கீழே போட்டிருந்தார்கள். ஒழுங்கான மூளை இருந்தால் நான் அங்கேயே நிறுத்தியிருப்பேன். உள்ளுக்குள் சின்னதாக ஒன்று உறுத்தவும் செய்தது. ஆனால் நான் உறுத்தலைக் கவனிப்பதற்குள் நைனா ஊர்ப் பஞ்சாயத்தைக் கூட்டிவிட்டார். ஆதாரம்தானே வேண்டும்? ஊரே ஆதாரம்!

பஞ்சாயத்தார் சொல்லச் சொல்ல நான்தான் எழுதினேன். 'எங்கள் கிராமத்தில் தொன்றுதொட்டு நிலவிவரும் வழக்கப்படி, படகில் பிடிக்கப்படும் மீன்களில் படகுக்கு ஒரு பங்கு ஒதுக்கிய பிறகே ஏனையோருக்குப் பிரிக்கப்படும் என்பதை இதன் மூலம் உறுதி செய்கிறோம்' என்று போய்க்கொண்டிருந்தது. முடிக்கும் நேரத்தில் ஏழுமலை மாமா கையைத் தூக்கினார்.

"எப்டியும் கவர்மெண்டுக்குத்தான போவுது. முகத்துவாரம் மண்ணு மூடிக்கினு கீது, தூர் வாரணும்னு அதுலயே ஒரு வரி சேத்துடும்மா."

சேர்த்தேன். தெருவிளக்கும் சேர்ந்தது. ஐந்து பேர் கையெழுத்து, வட்ட முத்திரை எல்லாம் ஆயிற்று.

மறுநாள் நைனா தலைக்கு எண்ணெய் வைத்துச் சீவி, கல்யாணங்களுக்குப் போடும் வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு என்னோடு பொன்னேரிக்கு வந்தார். இணைய சேவை மையம் நடத்தும் தேவகி அக்காவிடம் கடிதத்தை நீட்டினோம்.

"ஆதாரம்னா பாடப் புத்தகத்துல ஏதாச்சும் பக்கம் இருக்காம்மா?" என்றார் அக்கா.

"பஞ்சாயத்து லெட்டரே கீது மேடம்," என்றார் நைனா.

அக்கா படித்தார். என்னைப் பார்த்தார். மறுபடி படித்தார். "முகத்துவாரம் தூர் வாரணும்னு இருக்கே. இதுவும் விகிதக் கணக்கா?" என்றார்.

மையத்தில் ஜெராக்ஸ் எடுக்க நின்றவர்கள் எல்லோரும் திரும்பினார்கள். எனக்கு மேஜைக்கு அடியில் போய் ஒளிந்துகொள்ளலாம் போல இருந்தது. கேள்வி என்ன கேட்டது என்பது அந்த நிமிஷத்தில் எனக்குத் தெளிவாகப் புரிந்துவிட்டது. தொண்ணூறு கிலோவும் அந்த மூன்று பேருக்குள்தான். படகு சும்மா அவர்களை ஏற்றிக்கொண்டு வந்தது. பங்கு கேட்கவில்லை. "வேணாம் நைனா, போலாம்" என்று சொல்லத் திரும்பினேன். நைனா வெள்ளைச் சட்டையின் கையை இழுத்துவிட்டுக்கொண்டு, திரையில் கடிதம் ஏறுவதைக் கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தார். என்னால் சொல்ல முடியவில்லை.

கடிதம் ஏறியது. விடை மாறவில்லை. முகத்துவாரமும் தூர் வாரப்படவில்லை.

முடிவுகள் வந்தபோது நான் ஒரே ஒரு கேள்வியில் வெளியே நின்றேன். நாற்பதில் முப்பத்தாறு போனால் நான்கு. நாலு கிலோ மீனில் போய்விட்டது அந்த ஜன்னல். ஷமீம் உள்ளே போய்விட்டாள். ரயிலில் நான் தேற்றிய அதே ஷமீம்.

அன்று சாயங்காலம் அழுதேன், மறைக்க என்ன இருக்கிறது. நைனா வாசலில் வெகுநேரம் நின்றிருந்தார். பிறகு உள்ளே வந்து மெதுவாகக் கேட்டார்: "நாந்தான் உனுக்கு சின்ன வயசுலேர்ந்து தப்பா சொல்லிக் குட்த்துட்டனா?"

வேலை கைவிட்டுப் போனதுகூட எனக்கு அவ்வளவு வலிக்கவில்லை, இந்தக் கேள்விதான் வலித்தது. "இல்ல நைனா. நீ சொன்னது சரிதான். அவங்க கேட்டத நாந்தான் சரியா படிக்கல" என்றேன். அவர் தலையை ஆட்டினார், ஆனால் நம்பவில்லை.

நம்பவில்லை என்பது மறுநாள் கரையில் தெரிந்தது. படகு வந்ததும் நைனா மீனை ஆளுக்கு மட்டும் பிரித்திருக்கிறார். படகுக்கு எடுக்கவில்லை. இத்தனைக்கும் படகு அவருடையதுதான். ஏழுமலை மாமா கத்தியது எங்கள் வீட்டு வாசல் வரை கேட்டது.

"இன்னா மாமா, படகுக்கு?"

"கவர்மெண்டே வேணான்னு சொல்லிடுச்சில்ல?"

"அப்போ நாளிக்கு டீசல் உங்க கவர்மெண்டு வந்து ஊத்துமா? எடு மாமா, எடு!"

கரையே சிரித்ததாம். நைனாவும் சிரித்துவிட்டு எடுத்து வைத்தாராம். அம்மா வந்து இதைச் சொன்னபோது நானும் சிரித்தேன்.

அதற்கப்புறமும் தேர்வுகள் எழுதினேன். ஆனால் விகிதக் கேள்வி வந்தாலே, யாருடைய பங்காவது விட்டுப்போயிருக்கிறதா, இல்லை யாராவது வேண்டாத ஆள் உள்ளே புகுந்திருக்கிறாரா என்று திரும்பத் திரும்பப் படித்து நேரத்தை விட்டுவிடுவேன். இப்போது தேவகி அக்காவின் மையத்தில்தான் வேலை. (அந்தக் கடிதத்தை அக்காவால் மறக்க முடியவில்லையாம். இவ்வளவு தைரியம் உள்ள பெண் கவுண்டரில் இருந்தால் நல்லது என்று கூப்பிட்டுக்கொண்டார்.) விடைக்குறிப்பு வெளியாகும் காலத்தில் பிள்ளைகள் ஆட்சேபணை போட வருவார்கள். "ஆதாரம் இருக்கா?" என்று கேட்பது இப்போது நான். கேட்கும்போதெல்லாம் அக்கா உள்ளேயிருந்து, "பஞ்சாயத்து லெட்டர் வேணாம்னு சொல்லு" என்று குரல் கொடுப்பார்.

ஷமீமுக்குப் பொன்னேரியிலேயே வேலை கிடைத்தது. நைனா குறித்து வைத்திருந்த அதே அலுவலகம், அதே ஜன்னல். போன தடைக்காலத்தில் நைனா ஏதோ கையெழுத்துக்குப் போனவர், திரும்பி வந்து அம்மாவிடம் சொன்னார்: "ஷமீம் பொண்ணு என்னப் பாத்ததும் எழுந்து வந்துடுச்சு. 'வாங்க மாமா, இப்டி உக்காருங்க'ன்னுச்சு. சேரு போட்டு குந்த வெச்சுது." குரலில் அவ்வளவு சந்தோஷம். அப்புறம் நான் அங்கே நிற்பதைப் பார்த்துவிட்டு, மின்விசிறியின் ரெகுலேட்டரைத் திருகப் போய்விட்டார்.

வீட்டில் மட்டும் அந்தக் கதை ஓய்வதே இல்லை. எதைப் பிரித்தாலும், கேக்கானாலும் பலாப்பழமானாலும், யாராவது ஒருவர் கேட்டே தீருவார்: "படகுக்கு எடுத்தாச்சா?" ஒரு துண்டைத் தனியாக எடுத்து வைப்பார்கள். கடைசியில் "படகு இன்னிக்கு விரதமாம்" என்று சொல்லி அதையும் நைனாதான் சாப்பிடுவார். இதுதான் எங்கள் வீட்டு வழக்கம்.

இந்த ரம்ஜானுக்கு ஷமீம் ஒரு பெரிய டிபன் கேரியரில் பிரியாணி கொண்டுவந்தாள். அம்மா தட்டுகளை வரிசையாக வைத்துப் பரிமாறினாள். என் தட்டு, நைனா தட்டு, ஷமீம் தட்டு, தன் தட்டு. ஷமீம் ரொம்ப அப்பாவியாக முகத்தை வைத்துக்கொண்டு, "படகுக்கு?" என்றாள். எல்லோரும் சிரித்தோம். அம்மா சிரித்துக்கொண்டே இன்னொரு தட்டில் ஒரு கரண்டி போட்டு, மேலே நல்ல கறித்துண்டாகப் பார்த்து வைத்தாள்.

வழக்கம்போல் நைனா அந்தத் தட்டை எடுத்தார். ஆனால் சாப்பிடவில்லை. அப்படியே என் தட்டில் கவிழ்த்தார்.

"இன்னா நைனா, இது படகோடதாச்சே?"

"படகோடது இல்ல," என்றார் நைனா. என் முகத்தைப் பார்க்கவில்லை, சோற்றைத்தான் பார்த்தார். "உன்னோட நாலு கிலோ. துன்னு."